ஒரு நாள் வாடகைக்கு வாசகர்கள்: மின்னூல் விளம்பரத் தளங்களைப் பயன்படுத்தும் முறை

புக்பப், ஃப்ரீபுக்ஸி, ஃபஸ்ஸி லைப்ரரியன், ராபின் ரீட்ஸ், ஈரீடர் நியூஸ் டுடே. மின்னூல் விளம்பரத் தளங்கள் என்றதும் சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் வாயில் முதலில் வருவது இந்தப் பெயர்கள்தான். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்குகின்றன. வாசகர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து, துப்பறியும் கதை, காதல் கதை, வரலாற்றுப் புதினம் என்று பிடித்த வகைகளைக் குறித்துவைக்கிறார். இலவசமாகவோ, 99 சென்ட், 1.99 டாலர் என்று விலை குறைத்தோ கிடைக்கும் நூல்களின் பட்டியல் தினமும் அவருக்கு வந்து சேர்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு நாள் இடம்பெற எழுத்தாளர் பணம் கட்டுகிறார்.

இலவச நூலைப் பட்டியலிட எதற்குப் பணம் என்று பலர் முனகுவது உண்டு. தளத்தின் இணைப்பு வழியாகப் போய் வாசகர் எதையாவது வாங்கினால் அமேசான் அந்த விளம்பரத் தளத்துக்குக் கமிஷன் தரும். 2013 மார்ச்சில் அதற்கு ஒரு கட்டுப்பாடு வந்தது: ஒரு மாதத்தில் 20,000 இலவச மின்னூல்களுக்கு மேல் இறக்கவைத்து, தளம் வழியே போன மின்னூல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இலவசமாகவே இருந்தால் அந்த மாதக் கமிஷன் கிடையாது. இலவச நூல்களை மட்டும் காட்டிக் கமிஷனில் பிழைக்கும் வழி அத்தோடு அடைபட்டது.

இதில் எழுத்தாளர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அந்த வாசகர் தளத்தின் வாசகர். அவர் பெயரோ மின்னஞ்சலோ உங்கள் கைக்கு வராது. ஒரு நாள் வாடகைக்கு அவரை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்; உள்ளே அழைத்து உட்காரவைப்பது உங்கள் வேலை. அந்த வேலை நடக்கும் இடம் நூலின் கடைசிப் பக்கம். அதைச் சரி செய்யாமல் எந்தத் தளத்துக்கும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

முதலில் கடைசிப் பக்கம்

கதையின் கடைசி வரி முடிந்த உடனே, அடுத்த பக்கத்திலேயே உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேரச் சொல்லும் அழைப்பு இருக்க வேண்டும். நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு, பிற நூல்களின் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகு. கதை முடிந்ததும் பாதிப் பேர் நூலை மூடிவிடுவார்கள். கிண்டிலும் முடிவுக்கு வந்தவுடன் நட்சத்திரம் கேட்கும் திரையையும் வேறு நூல்களின் பரிந்துரையையும் முன்னால் நீட்டும். நான்கு பக்க நன்றியுரையைத் தாண்டி உங்கள் அழைப்பைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

என்ன எழுதுவது? “என் செய்திமடலில் இணையுங்கள்” என்ற வரிக்கு யாரும் அசைவதில்லை. செய்திமடல் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருப்பவர் எவரும் இல்லை. வாசகர் இப்போதுதான் பிரிந்த கதாபாத்திரத்தைத் திரும்பக் காட்டுங்கள். நாயகி ஒரு பெண் இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்வோம்:

“பத்து வருடங்களுக்கு முன், ராமேஸ்வரம் பாசஞ்சரில் கேட்பாரற்றுக் கிடந்த தகரப் பெட்டியை மீனாட்சி திறந்திருக்கக் கூடாது. அவர் இன்றுவரை வாய் திறக்காத அந்த முதல் வழக்கு, 40 நிமிட வாசிப்பு. இலவசமாக இங்கே.”

அதற்குக் கீழே ஒரே ஒரு இணைப்பு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று ஐந்து கொடுத்தால் வாசகர் ஐந்தையும் விட்டுவிடுவார்.

இந்த இலவசக் கதை 5,000 முதல் 10,000 சொற்கள் இருந்தால் போதும். முழுமையான கதையாக இருக்க வேண்டும். அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தைப் பிய்த்துக் கொடுத்தால் ஏமாற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். கேடிபி என்பது அமேசானின் சுயபதிப்புச் சேவை; மின்னூலை அமேசானுக்கு மட்டும் என்று ஒப்புக்கொடுப்பது அதன் செலக்ட் திட்டம். நாவல் கேடிபி செலக்டில் இருக்கும்போது அதன் மின்வடிவத்தை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. மாதிரியாக 10 சதவீதம் வரைதான் அனுமதி. தனியாக எழுதிய, செலக்டில் சேர்க்காத கதைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இணைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. கிண்டில் நூலுக்குள்ளிருந்து மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவத்துக்கு நேரே இணைப்புத் தரக் கூடாது, போட்டி மின்னூல் கடைகளுக்கும் தரக் கூடாது என்று அமேசானின் வழிகாட்டி சொல்கிறது. பலர் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம். உங்கள் சொந்தத் தளத்தில் அந்தக் கதைக்கென்று ஒரு பக்கம் வைத்து, நூலிலிருந்து அங்கே அனுப்புங்கள். படிவம் அங்கிருந்து இன்னொரு சொடுக்கில் திறக்கட்டும். சொந்த முகவரியாக இருந்தால் நாளை மின்னஞ்சல் சேவையை மாற்றினாலும், விற்றுப்போன நூல்களுக்குள் இருக்கும் இணைப்பு செத்துப்போகாது.

கதைக் கோப்பை வாசகரின் கருவிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க புக்ஃபனல் அல்லது ஸ்டோரி ஆரிஜின் என்ற சேவை போதும். கிண்டிலில் எப்படி ஏற்றுவது, ஐபோனில் எங்கே திறப்பது என்று வாசகர் கேட்கும் கேள்விகளுக்கு புக்ஃபனல் ஆட்களே பதில் சொல்லிவிடுவார்கள். மின்னூல் கோப்பை (இபப்) மின்னஞ்சலில் இணைத்து நீங்களே அனுப்பினால் அந்தக் கேள்விகள் எல்லாம் உங்கள் தலையில்.

பட்டியலில் சேர்ந்தவர்களுக்கு மடல் அனுப்பும் முகவரி ஜிமெயிலாக இருக்கக் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. மின்னஞ்சல் சேவை வழியாக ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பினால் குப்பைக்குப் போகும், அல்லது போய்ச் சேரவே சேராது. சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் அதில் சேர்க்க வேண்டும். மின்னஞ்சல் சேவையின் அமைப்புப் பக்கத்தில் அந்த வரிகளை அவர்களே தருவார்கள். டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டினால் ஆயிற்று. அமெரிக்க வாசகர்களுக்கு அனுப்பும் விளம்பர மடலின் அடியில் அஞ்சல் முகவரி இருப்பது சட்டக் கட்டாயம். வீட்டு முகவரியைப் போட மனமில்லை என்றால் தபால் நிலையத்தில் தபால் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தளம்?

ஃப்ரீபுக்ஸி இலவச நூல்களுக்கு மட்டும். அதே நிறுவனத்தின் பார்கெய்ன் புக்ஸி விலை குறைத்த நூல்களுக்கு. ஃபஸ்ஸி லைப்ரரியனும் ராபின் ரீட்ஸும் இரண்டையும் எடுப்பார்கள். கட்டணம் வகைக்கு வகை மாறும். துப்பறியும் கதைக்கும் காதல் கதைக்கும் சந்தாதாரர் அதிகம் என்பதால் கட்டணமும் அதிகம்.

தளம் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நீங்களே சந்தாதாரராகச் சேர்ந்து ஒரு வாரம் அவர்கள் மடலைப் பாருங்கள். உங்கள் வகையில் ஐந்து நூல்களை எடுத்துக்கொண்டு, மடல் வந்த உடனே ஒரு முறையும், எட்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் அவற்றின் அமேசான் தரவரிசையைக் குறித்துவையுங்கள். 2,00,000-ல் கிடந்த நூல் 8,000-க்கு ஏறியிருந்தால் தளத்தில் உண்மையான வாசகர்கள் இருக்கிறார்கள். 2,00,000-லிருந்து 1,60,000 என்றால் ஒருவர் வாங்கியிருந்தாலே அதிகம், அவ்வளவுதான். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் பெரும்பாலானோர் பணத்தை விடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: இலவச நூல்களுக்கும் விலை நூல்களுக்கும் தரவரிசை தனித்தனி. இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

2012-ல் தொடங்கிய புக்பப்பின் கதையே வேறு. பணம் இருந்தாலும் அவர்கள் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தால்தான் இடம். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, தேர்வான பிறகு கட்டினால் போதும், ஆனால் வகையைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். விலை வழக்கத்தைவிடக் குறைந்தது பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். நாவலுக்குக் குறைந்தது 150 பக்கம். மறுத்தால் நான்கு வாரம் கழித்து அதே நூலை மறுபடி அனுப்பலாம். நாலைந்து முறை மறுக்கப்பட்டுப் பிறகு எடுக்கப்படுவது சாதாரணம். அமேசானில் மட்டும் இருக்கும் நூலைவிட ஆப்பிள், கோபோ என்று மற்ற மின்னூல் கடைகளிலும் கிடைக்கும் நூலுக்கு வாய்ப்பு அதிகம் என்பது பலரின் அனுபவம். அமெரிக்கா கிடைக்காவிட்டால் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியாவுக்கு மட்டும் என்று குறைந்த கட்டணத்தில் தருவதுண்டு. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையும் கடிகாரமும்

அதிகம் சொதப்பும் இடம் இது.

கேடிபி செலக்டில் சேர்த்தால் 90 நாளுக்கு ஐந்து இலவச நாட்கள். அல்லது அதே காலத்துக்குள் கவுன்ட்டவுன் டீல், அதாவது குறித்த சில நாட்களுக்கு மட்டும் விலைக் குறைப்பு. ஒரு தவணைக்கு இரண்டில் ஒன்றுதான். இலவச நாள் தொடங்குவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவு. நம் கடிகாரத்தில் அது கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. சில சமயம் மேலும் ஒன்றிரண்டு மணி தாமதமாகும். “இன்று இலவசம்” என்று வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் போட்டால், வாசகர் போய்ப் பார்க்கும்போது விலை அப்படியே இருக்கும். சிலர் கவனிக்காமல் பணம் கொடுத்து வாங்கிவிட்டுப் பிறகு திட்டுவார்கள். பக்கத்தைத் திறந்து, பூஜ்யம் என்று கண்ணால் கண்ட பிறகே அறிவிப்புப் போடுங்கள். முடிவும் அப்படித்தான்: ஞாயிறு கடைசி நாள் என்றால் திங்கள் நண்பகல்வரை இலவசமாகவே இருக்கும்.

தளம் பத்தாம் தேதி மடல் அனுப்புகிறது என்றால் இலவசத்தை ஒன்பதாம் தேதியே தொடங்கிப் பதினொன்றுவரை வையுங்கள். செலக்ட் இல்லாமல் கையால் விலையைக் குறைப்பதாக இருந்தால் மூன்று நாள் முன்பே மாற்றுங்கள். கேடிபி 72 மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம். மடல் போகும் நேரத்தில் விலை குறையாமல் இருந்தால் பல தளங்கள் நூலைத் தூக்கிவிடும், பணமும் திரும்பாது.

இந்தியாவில் உட்கார்ந்து அமேசான்.காமைப் பார்த்தால் அமெரிக்க வாசகருக்குத் தெரியும் விலை பல நேரம் உங்களுக்குத் தெரியாது. அங்கே இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டனுக்கும் இதே ஏற்பாடு.

கவுன்ட்டவுன் டீல் அமேசான்.காம், பிரிட்டன் கடை இரண்டில் மட்டும்தான். இந்தியக் கடையில் விலை குறையாது. அதைச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் இணைப்பை அனுப்பினால் சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரிப்பார்கள். கவுன்ட்டவுன் வைக்க நூல் செலக்டில் சேர்ந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அந்த 30 நாளில் விலையைத் தொட்டிருக்கவும் கூடாது. இவ்வளவு கெடுபிடி இருந்தும் அதைப் பரிந்துரைக்கக் காரணம் ராயல்டி. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே, அதனால் கணக்கைப் பாருங்கள்.

60 டாலர் கட்டணம். நூலைக் கையால் 99 சென்டுக்குக் குறைத்தால் ராயல்டி 35 சதவீதம், பிரதிக்கு ஏறக்குறைய 35 சென்ட். கட்டிய பணம் திரும்ப 170 பிரதிக்கு மேல் போக வேண்டும். கவுன்ட்டவுனில் அதே 99 சென்டுக்கு 70 சதவீதம் தொடரும். கோப்பு அரை எம்பி என்றால், எம்பிக்கு 15 சென்ட் வீதம் அமேசான் பிடிக்கும் அனுப்பும் செலவைக் கழித்தபின் பிரதிக்கு 64 சென்ட். 94 பிரதி போதும். படங்களைத் திணித்து 3 எம்பி ஆக்கியிருந்தால் 38 சென்டுக்கு இறங்கி, தேவை மறுபடி 160-ஐத் தொடும். அத்தியாயத்துக்கு ஒரு அலங்காரப் படம் போடும் ஆசை இருப்பவர்கள் அந்தப் படங்களைச் சுருக்கிப் போடுங்கள்.

முதல் நூலில் லாபம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொடர் எழுதுபவர்கள் முதல் பாகத்தை இலவசமாக விட்டு, இரண்டாவது மூன்றாவதில் பணத்தை எடுப்பார்கள். ஒற்றை நூல் மட்டும் வைத்திருப்பவருக்கு இலவச நாளால் பெரிய பலனில்லை என்பதே எங்கள் கருத்து. அடுத்த நூல் வரும்வரை அந்தப் பணத்தை நல்ல அட்டைக்குச் செலவிடலாம்.

அட்டையும் நான்கு வரியும்

மடலில் உங்கள் அட்டை கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். கேடிபி பரிந்துரைக்கும் அளவு 2,560 பிக்சல் உயரம், 1,600 அகலம். அதை 100 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் போனில் பாருங்கள். தலைப்பு படிக்க முடிகிறதா? எந்த வகைக் கதை என்று இரண்டு விநாடியில் தெரிகிறதா? இல்லையென்றால் அட்டையை மாற்றுங்கள். தள்ளுபடியைக் கூட்டி மோசமான அட்டையை ஈடுகட்ட முடியாது.

விளம்பர வரிகளுக்குப் பெரும்பாலும் நான்கு வரி இடம்தான். “மனித உறவுகளின் ஆழத்தைப் பேசும் உணர்ச்சிப் பயணம்” என்று எழுதினால் அது எந்த நூலுக்கும் பொருந்தும். யார், என்ன சிக்கல், எவ்வளவு நேரம் இருக்கிறது, தவறினால் என்ன இழப்பு என்று எழுதுங்கள்: “தஞ்சாவூர் அருகே கோயில் குளத்தைத் தூர்வாரும்போது கிடைக்கிறது போலீஸ் தொப்பி ஒன்று. அது மீனாட்சியின் காணாமல்போன அப்பாவுடையது. குளத்தில் தண்ணீர் விட இன்னும் மூன்று நாள்.” விண்ணப்பிக்கும்போது விருது, விற்பனை எண்ணிக்கை, விமர்சகர் மேற்கோள் ஏதாவது இருந்தால் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள். இல்லாததை எழுதாதீர்கள், சரிபார்ப்பார்கள்.

நாட்களை அடுக்குவது

புக்பப்புக்கு முதலில் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்தால் அந்தத் தேதியைச் சுற்றி மற்றவற்றை அடுக்குங்கள். கிடைக்காவிட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னதாகவே மற்ற தளங்களில் தேதி பிடியுங்கள்; நல்ல வகைகளில் இடம் சீக்கிரம் போய்விடும்.

ஒரு நாளுக்கு ஒரு தளம். சின்னது முதலில், பெரியது நடுவில், உங்கள் சொந்த மின்னஞ்சல் பட்டியல் கடைசிக்கு முந்தைய நாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டால் எது விற்றது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏறிய தரவரிசையும் மறுநாளே இறங்கிவிடும். இரண்டு நாள் இடைவெளி விட்டாலும் பாதகமில்லை.

இதோடு புக்ஃபனலில் மடல் பரிமாற்றம் செய்யலாம்: உங்கள் வகையில் எழுதும் இன்னொருவர் தன் பட்டியலுக்கு உங்கள் நூலைச் சொல்வார், நீங்கள் அவருடையதைச் சொல்வீர்கள். நூலைப் புரட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் வாசகருக்கு நாம் சிபாரிசு செய்கிறோம். கூட்டு விளம்பரங்களில் வரும் சந்தாதாரர்களில் இலவசம் என்றால் எதையும் அள்ளிக்கொள்பவர் அதிகம். அவர்களைத் தனிக் குழுவாக வைத்து, ஆறு மாதம் ஒரு மடலையும் திறக்காதவர்களை நீக்கிவிடுங்கள். எண்ணிக்கை குறைவதைப் பார்த்து வயிறு எரியும். ஆனால் திறக்காதவருக்குத் தொடர்ந்து அனுப்பினால், திறப்பவருக்கும் மடல் குப்பைக்குப் போகத் தொடங்கும்.

தமிழ் நூல் என்றால்

மேலே சொன்ன தளங்கள் ஆங்கில நூல்களுக்கானவை. தமிழ் மின்னூலுக்கு அங்கே பணம் கட்டிப் பயனில்லை. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் வந்த பிறகும் தமிழுக்கென்று அப்படியொரு மடல் தளம் பெரிதாக வளரவில்லை. ஃபேஸ்புக் வாசிப்புக் குழுக்கள், வாட்ஸப், டெலிகிராம், யூடியூப் நூல் அறிமுகங்கள், பிரதிலிபி ஆகியவைதான் அந்த வேலையைச் செய்கின்றன. ஐந்து இலவச நாட்களை ஒரேயடியாக விடாமல் இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, வார இறுதியில் வையுங்கள். நூலின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். போனில் ஆங்கில எழுத்தில் தேடுபவர்கள் ஏராளம்.

பிரதிலிபியில் தொடராக எழுதியதைச் செலக்டில் போடுவதற்கு முன் அங்கிருந்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். பழைய வலைப்பூவில் கிடக்கும் அத்தியாயங்களையும் தேடி நீக்குங்கள். அமேசான் கண்டுபிடித்தால் எச்சரிக்கை வரும், செலக்டிலிருந்து நீக்கவும் செய்வார்கள். இலவசத் தமிழ் மின்னூல் தளமான ஃப்ரீதமிழ்இபுக்ஸில் வெளியிடுவது வேறு வகை முடிவு. அங்கே நூல்கள் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, அந்த நூலைப் பிறகு செலக்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வாசகர் பரவலாக வேண்டும், பணம் பிறகு என்பவருக்கு நல்ல வழி. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டிக்குச் செலக்டில் இருப்பது கட்டாயம், விலையும் 99 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

விமர்சனமும் வலைவீசுபவர்களும்

விமர்சனத்துக்குப் பணம் கொடுப்பது, “நீங்கள் எனக்கு, நான் உங்களுக்கு” என்று மாற்றிக்கொள்வது, வீட்டார் எழுதுவது மூன்றும் அமேசான் விதிக்கு எதிரானவை. முன்பிரதி (நூல் வெளிவரும் முன் தரும் இலவசப் பிரதி) கொடுத்துக் கருத்துக் கேட்கலாம், ஆனால் நல்லதாக எழுத வேண்டும் என்று கேட்கக் கூடாது. இத்தனை விமர்சனம் உறுதி, இத்தனை பதிவிறக்கம் உறுதி என்று சொல்லும் தளத்தைத் தொடாதீர்கள். பொய்க் கணக்குகளை வைத்து, யாரோ வாசித்ததுபோல் பக்கம் புரட்டவைக்கும் தளங்களால் கேடிபி கணக்கையே இழந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். தளத்தை விட்டுவிட்டு எழுத்தாளரைத்தான் பிடிப்பார்கள்.

உங்கள் நாவலை நுணுக்கமாகப் புகழ்ந்து, எங்கள் வாசகர் வட்டத்தில் பேசுகிறோம், சிறு கட்டணம் மட்டும் என்று மடல் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இயந்திரம் எழுதும் புகழ்ச்சி இப்போது மலிந்துவிட்டது. பின்னட்டையில் இருப்பதைத் தாண்டி அது பெரும்பாலும் எதையும் குறிப்பிடாது.

நாள் முடிந்த பிறகு

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: தளம், கட்டணம், அன்றைய பிரதிகள், அடுத்த 30 நாளில் புதிதாக வந்த சந்தாதாரர். இலவசமாக இறக்கியவர்கள் உடனே வாசிப்பதில்லை. மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கடைசிப் பக்கத்துக்கு வருவார்கள். அதனால் ஒரு வாரத்தில் கணக்கை மூடிவிடாதீர்கள். பிரதி நிறையப் போயும் சந்தாதாரர் வரவில்லை என்றால் தளத்தில் குறையில்லை, கடைசிப் பக்கத்து அழைப்பை மாற்றிப் பாருங்கள். பிரதியே போகவில்லை என்றால் அட்டை, வகை, தளம் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மடல் அந்த நொடியே போக வேண்டும், கேட்ட கதையோடு. இரண்டாவது மூன்று நாள் கழித்து: கதை திறந்ததா, கருவியில் சிக்கல் உண்டா? மூன்றாவது ஒரு வாரத்தில், ஒற்றை வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு: “கடைசியாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த நாவல் எது?” பதில் எழுதியவருக்கு நீங்களே உட்கார்ந்து பதில் எழுதுங்கள். யாராவது 112-ஆம் பக்கத்தில் எழுத்துப்பிழை என்று எழுதியிருந்தால் அன்றே திருத்திக் கோப்பை மறுபடி ஏற்றிவிட்டு, திருத்தியாயிற்று என்று அவருக்கு ஒரு வரி போடுங்கள். அடுத்த நூலின் முன்பிரதியை யாருக்கு அனுப்புவது என்று யோசிக்கும்போது பட்டியலின் தலையில் இருக்க வேண்டிய பெயர் அவருடையது.